பூஜ்யம் தண்ணீருக்கு மட்டும்தான்

'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்' என்ற பெயரோடுதான் எனக்குச் சிக்கல். திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத பட்டறைதான் மறுபடி இயங்கலாம். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டுக்கு அது தேவையான உத்தரவு. அதில் மறுபேச்சில்லை.

ஆனா, பருத்தியில் சாயம் ஏற உப்பு வேணும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு வந்துடும். ஆர்.ஓ. போட்டு தண்ணீரைப் பிரிக்கிறாங்க. மிச்சத்தைக் காய்ச்சி வற்ற வைக்கிறாங்க. மீட்ட உப்பில் ஒரு பங்கு திரும்பச் சாயத்தொட்டிக்கே போகுது, நல்ல விஷயம். பிரிக்க முடியாத கலப்பு உப்பும் கசடும்? மூட்டையாகக் கொட்டகையில் அடுக்குறாங்க. காய்ச்ச எரிக்கும் எரிபொருளின் புகை தனிக்கணக்கு.

ஆற்றில் என்ன போகுதுன்னு மட்டும் கேட்டால் போதாது. உள்ளே வந்த உப்பு எவ்வளவு, திரும்பப் பயன்பட்டது எவ்வளவு, கொட்டகையில் கிடப்பது எவ்வளவு? இந்த மூன்றையும் வெளியிடுங்க. அப்புறம் பூஜ்யம்னு சொல்லலாம்.