பக்க விளைவு இல்லாத மருந்து

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் அகப்பட்ட காகிதத்தையெல்லாம் படித்துவிடுவான். மளிகைப் பொட்டலமோ, ஏல அறிவிப்போ, கல்யாணப் பத்திரிகையோ எதுவும் அவனுக்கு விலக்கல்ல. அந்தப் பழக்கத்தால் நான் ஏராளமாகப் படித்திருக்கும் இலக்கிய வகை ஒன்று இருக்கிறது. நம் விமரிசகர்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மூலிகை மருந்து விற்பவர்கள் அச்சடித்து வழங்கும் நோட்டீஸைத்தான் சொல்கிறேன். பஸ் நிலையத்தில் கையில் திணிக்கிறார்கள். இப்போது கைபேசியிலும் வந்து விழுகிறது. என் நாவல்களுக்குக் கிடைத்ததைவிட இந்த நோட்டீஸ்களுக்கு வாசகர்கள் அதிகம். என் வாசகர்கள் படித்துவிட்டு மறந்துபோவார்கள். நோட்டீஸின் வாசகர்களோ படித்ததை நம்பி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே விமரிசனம் என்று ஒன்று யாருக்காவது தேவை என்றால் முதலில் இதற்குத்தான் தேவை.

இவற்றின் கதைப் போக்கு ஒன்றேதான். தீராத வியாதிக்காரர் ஒருவர் இருப்பார். சர்க்கரை, இளைப்பு, மூட்டு வாதம், ஏதோ ஒன்று. பத்து வருஷம் இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டுக் காசும் உடம்பும் கரைந்துபோயிருக்கும். அப்புறம் ஒரு பரம்பரை வைத்தியர் வருவார். ஒரு மண்டலத்தில் வியாதி ஓடிவிடும். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். கதை என்றால் கொஞ்சம் முன்பின் இருக்கும். என்னால் பொறுக்க முடியாதது கடைசி வரி. 'முற்றிலும் மூலிகைகளால் ஆனது. பக்க விளைவு இல்லாதது.' இந்த வரி இல்லாத நோட்டீஸை நான் இதுவரை பார்த்ததில்லை.

அண்மையில் சில நாட்கள் மரக்காணத்தில் இருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே, கழிவெளி ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, கண்ணுக்கெட்டிய மட்டும் உப்புப் பாத்திகள் உள்ள ஊர். சித்திரை, வைகாசி வெயில்தான் அங்கே அறுவடைக் காலம். வேறு தொழிலாளி நிழல் தேடும் நேரத்தில் உப்பளத் தொழிலாளி பாத்தியில் நிற்கவேண்டும். மேலே வெயில், கீழே உப்புநீர், எதிரே வெள்ளைக் குவியலின் கூச்சம். ஒதுங்க இடமில்லாத பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். இதன் பலன் என்ன என்பது ஊகமல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2017க்கும் 2020க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலோர் தாங்கத்தக்க அளவுக்கு மிஞ்சிய உஷ்ணத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் சக்தி குறைந்திருந்தது.

இப்படிப்பட்ட ஊரில்தான் அந்த நோட்டீஸும் உலவுகிறது. பாத்தி வரப்பில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எனக்கு ஒரு பிளாஸ்டிக் புட்டியைக் காட்டினாள். ஐம்பது வயதிருக்கும், கால் வீங்கியிருந்தது. புட்டியில் பச்சைப் பொடி. மேலே பெயர்ச்சீட்டு ஒன்றும் இல்லை.

"இதிலே என்னம்மா இருக்கு?" என்றேன்.

"பச்சிலைதான் சார். பதிமூணு தினுசாம். சக்கரைக்கு."

"ஆஸ்பத்திரி மாத்திரை?"

"அத்த நிறுத்திட்டேன். ரெண்டும் சேத்து சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க. அது கிட்னியைக் கெடுத்துடுமாம். இது பச்சிலைதானே, இன்னா பண்ணப் போவுது?"

"ஒண்ணும் பண்ணாதுன்னு யாரும்மா சொன்னது?"

"நோட்டீஸ்லே போட்டிருக்குதே! எனக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி படிச்சுக் காட்டிச்சு."

புட்டியை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தையும் நீரையும் சோதித்துக்கொள்ளும்படி சொன்னேன். "ஒரு நாள் கூலி போயிடும் சார்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அச்சில் வந்தது பொய்யாயிராது என்ற அவளுடைய எண்ணத்தை அச்சை நம்பிப் பிழைக்கும் நான் எப்படிப் பரிகாசம் செய்வது?

இப்போது அந்த வரியை எடுத்துக்கொள்வோம். மருந்து என்பது உடம்பில் ஏதோ ஒரு மாறுதலைச் செய்யும் பொருள். மாறுதல் செய்யும் சக்தி இருந்தால், வேண்டாத மாறுதலைச் செய்யவும் அதனால் முடியும். ஒரு கெடுதலும் செய்ய முடியாத பொருள் பெரும்பாலும் ஒரு நன்மையும் செய்யாது. சர்க்கரையை ஓட்டும் அளவுக்கு வீரியம், ஆனால் வேறு எதையும் தொடாத சாது! இப்படி ஒரு பாத்திரத்தை நாவலில் படைத்தால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மூலிகைக்கு வீரியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949ல் ஓர் இங்கிலீஷ் இருதய மருத்துவப் பத்திரிகையில் எழுதி உலகத்துக்குக் காட்டினார். 1952ல் ஸ்விட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெஸர்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். அது வேலை செய்தது. வேலை செய்ததனால்தான் சிலருக்கு மனச்சோர்வையும் கொடுத்தது. டாக்டர்கள் அளவைக் குறைத்தார்கள். வேரிலிருந்து வந்தது என்பதற்காக அது யாருக்கும் சலுகை காட்டவில்லை.

நம்முடைய சித்த வைத்தியம் ஒரு நாளும் இந்த வரியைச் சொன்னதில்லை. சேராங்கொட்டையையும் எட்டியையும் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்று அது விதிக்கிறது. அளவு சொல்கிறது, அனுபானம் சொல்கிறது, பத்தியம் சொல்கிறது. மூலிகை பரம சாது என்றால் இத்தனை காவல் எதற்கு? ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது பழமொழி. நாளடைவில் வேர் பேராக மாறி, வைத்தியரைக் கேலி செய்யும் பேச்சாகிவிட்டது. திருத்திப் படித்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஆயிரம் வேர் பார்த்தவனுக்கே அரைப் பட்டம்தான். நோட்டீஸ்காரர் முழுப் பட்டம் கட்டிக்கொண்டு வருகிறார். அவர் பாரம்பரியத்தின் வாரிசு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆயுர்வேதத்தின் பெயரையும் சித்தர்களின் பெயரையும் வாங்கிக்கொண்டு, அவர்கள் வைத்த காவலைக் கழற்றி எறிந்தவர் அவர்.

பச்சிலை என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பெல்ஜியத்தில் பதில் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடம்பு மெலிவதற்காகச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் சிலருக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் பழுதாயிற்று. 1993ல் டாக்டர்கள் இதை வெளியிட்டார்கள். போகப் போகப் பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய நூறு பேர் என்று தெரிந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொன்று கலந்திருந்தது. அது அரிஸ்டோலோக்கியா என்னும் இனத்தைச் சேர்ந்த செடி. பழுதான சிறுநீரகத்தை முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடச் சம்மதித்த 39 பேரில் 18 பேருக்கு அங்கே புற்றுநோய் தோன்றியிருந்ததாக 2000ல் எழுதினார்கள்.

பெல்ஜியம் தூரம், அந்த இனம் தூரமல்ல. நம் நாட்டில் பெருமருந்து என்றும் ஈசுரமூலி என்றும் அழைக்கும் கொடி அந்த இனத்ததுதான். தரிசில் படர்ந்து கிடக்கும் ஆடுதின்னாப்பாளையும் அதன் உறவு. அவற்றிலுள்ள அமிலம் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. பாம்புக்கடிக்கு ஒரு வேளை அரைத்துக் கொடுத்த காலத்தில் அந்த ஆபத்து யாருக்கும் தெரிய நியாயமில்லை. சிறுநீரகம் சத்தம் போடாமல், வருஷக்கணக்கில் கெடும் உறுப்பு. அதைப் பொடியாக்கித் தினமும் இரு வேளை என்று மாதக்கணக்கில் ஊட்டுவது வேறு விஷயம். ஆடுகூடத் தின்னாது என்று பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆட்டின் விமரிசனத்தையாவது நாம் மதித்திருக்கலாம். மரக்காணத்துப் புட்டியில் அது இருந்தது என்று நான் சொல்லவில்லை. பதிமூன்றில் அது ஒன்றா இல்லையா என்று அறிய வழி இல்லை என்பதே என் வழக்கு.

இலையோடு வேறு சங்கதிகளும் வருகின்றன. 2004ல் அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்ஸனிக்கோ இருந்தது. 2008ல் 193 மருந்துகளைச் சோதித்தார்கள்; அப்போதும் ஐந்தில் ஒன்று அப்படியே. இதன் எதிரொலியாக நம் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு 2006 ஜனவரி முதல் உலோகப் பரிசோதனை கட்டாயமாயிற்று. ஏற்றுமதிக்கு! உள்ளூர் வயிற்றுக்கு அந்த அவசரம் அப்போது காட்டப்படவில்லை. மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் விற்கும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் பலமுறை ஆய்வுக்கூடங்களில் அகப்பட்டிருக்கிறது. சாப்பிட்ட மூன்றாம் நாள் முழங்கால் மடங்குகிறதென்றால் அது வைத்தியரின் கைராசி மட்டுமல்ல.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே ஒரு சட்டம் செய்தார்கள். 54 நோய்களுக்கு அட்டவணை போட்டு, இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்றார்கள். நீரிழிவும் ரத்த அழுத்தமும் அதில் இருக்கின்றன. எழுபது வருஷமாகச் சட்டமும் இருக்கிறது, நோட்டீஸும் இருக்கிறது.

உப்பளத்தில் நான் பார்த்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். உவர்நீர் வெயிலில் வற்ற வற்ற, ஒரு கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிறார்கள். சுமார் 25 டிகிரியில் உப்பு கட்டத் தொடங்குகிறது. முப்பதை நெருங்கவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துபோகும்; ஆகவே மிஞ்சின நீரை வடித்துவிடுகிறார்கள். கிலோ சில ரூபாய் விற்கும் உப்புக்கு இவ்வளவு அளவும் கவனமும் உண்டு. மாதம் ஆயிரக்கணக்கில் வாங்கும் மருந்துக்கு மட்டும் 'ஒரு சிட்டிகை' போதுமா?

மூலிகையையும் இப்படி அளந்து பார்க்க முடியும். சென்னையில் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய கூட்டாளிகளும் கீழாநெல்லியைப் பரீட்சித்து 1988ல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி கிருமி தங்கியவர்களில் மருந்து பெற்ற 37 பேரில் 22 பேருக்கு அதன் அடையாளம் மறைந்தது. வெற்றுப்பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பிற்பாடு வேறு இடங்களில் செய்த பரீட்சைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எண்ணினார்கள், வெளியிட்டார்கள், மற்றவர்கள் சரிபார்க்க இடம் கொடுத்தார்கள். கீழாநெல்லிக்குச் செய்யக்கூடிய உண்மையான மரியாதை அதுதான்.

ஜனங்கள் நோட்டீஸை நம்பக் காரணம் அறியாமை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிஷம்தான் கிடைக்கிறது. மாத்திரை ஆயுசு முழுவதும் என்கிறார்கள்; ஏன் என்று சொல்லுவோர் இல்லை. நோட்டீஸ்காரர் உட்காரவைத்துப் பேசுகிறார், குணமாகும் என்கிறார். தீராத வியாதிக்காரர் விலை கொடுத்து வாங்குவது பாதி மருந்தை, பாதி அந்தப் பேச்சை. 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது, நல்ல காரியம். மாத்திரையோடு இரண்டு வார்த்தையும் வந்தால் நோட்டீஸின் வியாபாரம் பாதி குறையும்.

அதுவரை, மூலிகை மருந்து வேண்டுமென்கிற வாசகர்களுக்கு என் யோசனை சிறியது. பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத டாக்டர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள்; அவர்களிடம் போங்கள். புட்டியில் சரக்குகளின் பெயரும், செய்தவர் விலாசமும், லைசென்ஸ் எண்ணும் இல்லையானால் வாங்காதீர்கள். ஏற்கனவே சாப்பிடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இதைச் சாப்பிடுவதை அவரிடம் மறைக்காதீர்கள். சிறுநீரகத்தையும் ஈரலையும் இடையிடையே சோதித்துக்கொள்ளுங்கள். கெடுதல் ஏற்பட்டால் தெரிவிக்க 2018 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சித்த மருந்துகளுக்குத் தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதன் மையம். அங்கே புகார் போய்ச் சேராத வரையில், ஒருவருக்கும் கெடுதல் நேரவில்லை என்று நோட்டீஸ்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இனி யாராவது உங்களிடம் பக்க விளைவு இல்லாத மருந்து என்று நீட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை பேரை, எத்தனை நாள் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறீர்கள்?" நல்ல வைத்தியர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.