வெளியேறியவர் கேட்ட கேள்வியும் கேட்க மறந்த கேள்வியும்

ஓர் அமைப்பை விட்டு ஒருவர் வெளியேறிவிட்டால், உள்ளே இருப்போர் அவருக்குச் சூட்டும் முதற்பட்டம் 'துரோகி' என்பது. இரண்டாவது பட்டம் 'பதவி கிட்டாததால் போனவர்' என்பது. மூன்றாவது பட்டத்துக்குத் தேவையே எழுவதில்லை. அதற்குள் அவர் சாற்றிய குற்றம் என்ன என்பதே மறக்கப்பட்டுவிடும்! மடங்களிலும் சபைகளிலும் சங்கங்களிலும், ஏன், கட்சிகளிலுங்கூட நாம் கண்டுவரும் காட்சி இது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர் வட்டார ஆலைகளிலும் உழைக்கும் தோழர்களுக்கு இக்காட்சி புதிதன்று. நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பிழைப்புத் தேடி வடக்கே வருவோர் பெட்டி படுக்கையை மட்டுமா கொண்டு வருகின்றனர்? சாதியையும் கொண்டு வருகின்றனர், சபையையும் கொண்டு வருகின்றனர். ஆலையின் சங்கு ஓய்ந்ததும் செபக்கூட்டத்தின் பாட்டு எழுகிறது. அத்தகைய சபை ஒன்றிலிருந்து விலகிய ஒருவர், "தலைமை எங்களை மனிதராய் மதிக்கவில்லை" என்று சொன்னால், பகுத்தறிவு பேசும் இளைஞன் என்ன செய்ய வேண்டும்? மதத்தைத் தாக்குகிறார் என்பதற்காகவே கைதட்டி வரவேற்பதா? அல்லது, அது அவர்கள் வீட்டுச் சண்டை என்று ஒதுங்கிக்கொள்வதா? முன்னது அவசரம், பின்னது சோம்பல். இரண்டிலும் ஆராய்ச்சி இல்லை. ஆராயும் முறை யாது என்பதைத் தெற்குச் சீமையில் 1857-இல் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு காண்போம். அந்நிகழ்ச்சியிலே, நாம் நன்றியுடன் போற்றும் பெயர் ஒன்றும் அடிபடுகிறது. அதற்காக அஞ்சி, மூடி மறைக்க வேண்டியதில்லை.

இரு நூல்கள், ஓர் ஆசிரியர்

கால்டுவெல் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். வடமொழியின் வயிற்றில் பிறந்ததன்று தமிழ், அது தனிக்குடும்பத்தின் தலைமகள் என்று உலகறிய நாட்டிய நூல் அது. அதற்காகவே 1968-இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது, சென்னைக் கடற்கரையிலே அவருக்குச் சிலை எழுந்தது. எழ வேண்டிய சிலைதான்! மறுப்பவர் யார்?

ஆனால், ஒப்பிலக்கணத்துக்கு 7 ஆண்டுகள் முன்பு, 1849-இல், அதே பேனா மற்றொரு நூலையும் எழுதியது. 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்பது அதன் பெயர். சென்னையில் அச்சாகி, மறு ஆண்டே இலண்டனிலும் வெளியான சிறு நூல். நாடார் மக்களின் சமயத்தையும் ஒழுக்கத்தையும் இயல்பையும் எடுத்துரைப்பதாகச் சொல்லிக்கொண்டது. அவர்தம் வழிபாடு பேய் வழிபாடு என்றது, அறிவிலே மந்தமானவர் என்றது, ஒழுக்கத்திலே தாழ்ந்தவர் என்றது. பார்ப்பனியத்துக்கு வெளியே நின்ற வழிபாடு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு என்று கண்ட கூர்மையும் அந்நூலில் இருக்கிறது. அந்த வழிபாட்டைச் செய்த மனிதரைக் கீழாக மதித்த குறையும் அதே நூலில் இருக்கிறது.

அம்மக்கள் யார்? பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சியவர்கள். கோயில் வாயில் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூரில் அவர்கள் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகத் தலைமுறைக் கணக்கில் போராடி, 1859-இல்தான் அரசின் ஆணையைப் பெற்றனர். இத்தகைய மக்களுக்குப் பாதிரிமாரின் சபை, பள்ளிக்கூடத்தைக் கொடுத்தது. நிலக்கிழாரின் கொடுமைக்கு ஒதுங்க நிழலைக் கொடுத்தது. 1799-இல் முதலூர் என்ற கிறித்தவச் சிற்றூர் எழுந்தது அவ்வாறுதான். ஆகவே மானம் தேடி அவர்கள் சபைக்குள் நுழைந்தார்கள். நுழைந்த இடத்திலேயே, "நீ அறிவிலி" என்று அச்சடித்து வைத்திருந்தால்?

அந்நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பனையேறும் மனிதன் படிப்பதற்காக அன்று. கடலுக்கு அப்பால் இருந்து காணிக்கை அனுப்பும் கனவான்கள் படிப்பதற்காக. ஏழையை எவ்வளவுக்கு இழிவாகத் தீட்டுகிறோமோ, அவ்வளவுக்கு அவனை உயர்த்துவோரின் தொண்டு பெரிதாகத் தெரியும். அறக்கொடைக்குக் கையேந்தும் எழுத்தின் பழைய தந்திரம் அது. இன்றும் அது ஒழிந்தபாடில்லை.

சட்டாம்பிள்ளை சீறினார்

அருமைநாயகம் என்பவர் நாசரேத்து ஊரில், எஸ்.பி.ஜி. சங்கத்தின் கீழ் உபதேசியாராய் இருந்தார். கால்டுவெல் சார்ந்திருந்ததும் அதே சங்கம். புலமை மிக்கவராதலால் சட்டாம்பிள்ளை என்ற பட்டப்பெயரே அவருக்கு நிலைத்தது. நாசரேத்துப் பாதிரியார் கேமரருடன் அவருக்குப் பிணக்கு மூண்டது. 1850-ஐ ஒட்டிய காலத்தில் பணியிலிருந்து நீக்கப்பட்டார். பின்பு கால்டுவெல்லின் நூல் அவர் கைக்குக் கிடைத்தது. கொதித்தார், மறுத்தார், ஊரூராய் எடுத்துரைத்தார். 1857-இல் நாசரேத்தை அடுத்த மூக்குப்பீறி, பிரகாசபுரம் வட்டாரத்திலே, ஐரோப்பியத் தலைமையை அறவே உதறிய தனிச்சபை ஒன்று அவர் தலைமையில் எழுந்தது. கர்த்தராகிய இயேசுவின் இந்து சபை என்றும், ஏகரட்சகர் சபை என்றும் அது பெயர் பெற்றது. அந்நாளில் 'இந்து' என்ற சொல் இந்நாட்டான் என்ற பொருளையும் தாங்கியிருந்தது என்பதை மறத்தலாகாது. "வெள்ளையன் சபை அன்று, எம் நாட்டார் சபை" என்பதே அப்பெயரின் உட்பொருள்.

பதவி போனதால் பகை கொண்டார் என்று அன்றே சொல்லியிருப்பார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். அவருடைய நோக்கம் தூயதா அன்றா என்பது வேறு. அவர் சொன்னது மெய்யா பொய்யா என்பது வேறு. பதவி இழந்தவன் சொன்னாலும் இரண்டும் இரண்டும் நான்கே.

அவர் வாதத்தின் வலிமையைப் பாருங்கள். பாதிரிமார் நீட்டிய நூலையே கையில் எடுத்தார். "நீங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டாடுகிறீர்கள். உங்கள் வேதம் சொல்லும் ஓய்வுநாள் சனிக்கிழமை அன்றோ? தூபம் காட்டுவதும் தரையில் விழுந்து வணங்குவதும் அஞ்ஞானம் என்கிறீர்கள். உங்கள் பழைய ஏற்பாட்டில் அவை இல்லையா? நீங்கள் கொண்டு வந்தது வேதமா, உங்கள் நாட்டு வழக்கமா?" என்ற போக்கில் வினவினார். ஐரோப்பாவின் பழக்கத்தையே ஆண்டவனின் கட்டளை என்று ஏற்றிச் சொன்ன சூழ்ச்சி வெளிச்சத்துக்கு வந்தது. உள்ளேயிருந்து கற்றவருக்கே இயலும் விமர்சனம் அது. வெளியே நிற்கும் நம்மைப் போன்ற நாத்திகர் ஆயிரம் கூட்டம் போட்டாலும், உள்ளறையின் பூட்டு எது, சாவி எது என்று அறிந்தவனுடைய ஒரு சொல்லுக்கு ஈடாகாது. வெளியேறியவரின் வாக்குமூலத்துக்கு நாம் செவிசாய்க்க வேண்டியது இதனாலேயே.

வெள்ளையன் கறுப்பன் என்ற வேற்றுமை மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. அதே திருநெல்வேலியில், சர்ச் மிசன் சங்கத்தின் பெருந்தூணாய் விளங்கிய ரேனியுசு, ஆங்கிலத் திருச்சபையின் நடைமுறைகளைக் குறைகூறி எழுதினார். அவர் செருமானியர், வெள்ளையர், பழுத்த தொண்டர். எனினும் 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. தோலின் நிறம் எதுவாயினும், கேள்வி கேட்பவனைப் பொறுப்பதில்லை என்பதே கேள்விக்கு அப்பாற்பட்ட தலைமையின் இலக்கணம்.

கால்டுவெல்லின் நூலுக்கு வரலாறு தந்த விடை என்ன? எதிர்ப்பு அடங்கவில்லை. பின்னாளில் அந்நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. 1849-இல் மந்தமானவர் என்று எழுதப்பட்ட அதே குலத்தில், வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. ஏட்டுக்கும் பட்டத்துக்கும் இடையே 63 ஆண்டுகள்! மந்தம் மக்களிடம் இருந்ததா, மதிப்பிட்டவர் பார்வையில் இருந்ததா?

எங்கே வழுக்கினார்?

இதுவரை சட்டாம்பிள்ளையின் பக்கம் நின்றோம். இனி, பாதிரிமாரிடம் அவர் தொடுத்த கேள்விகளையே அவரிடமும் தொடுப்போம். வெளியேறியவரை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவராக்குவதும் ஒரு பூசைதானே!

ஐரோப்பியத் தலைமையை உதறினார், சரி. அந்த இடத்தில் எதை அமர்த்தினார்? பழைய ஏற்பாட்டை. யூதருடைய பழங்காலத்துத் தூய்மை விதிகளைத் தோண்டி எடுத்துத் தேரிக்காட்டு மக்களின் தோளில் ஏற்றினார். மாதவிலக்கான பெண் விலகி இருத்தல் வேண்டும் என்ற தீட்டு விதியும் அவற்றிலே உண்டு. பாதிரியின் நூலில் தன் குலம் இழிவாக எழுதப்பட்டது கண்டு துடித்தவர், தன் சபையின் விதியிலே தன் வீட்டுப் பெண்ணுக்கு இழிவு எழுதப்பட்டபோது துடிக்கவில்லை! மனுநூல் சொன்னால் மடமை, மோசேயின் நூல் சொன்னால் மாட்சி என்று கொள்வது பகுத்தறிவாகுமா?

இரண்டாவது வழுக்கல் இன்னும் ஆழமானது. "நாங்கள் தாழ்ந்தவரல்லர்" என்றார். முழக்கம் நன்று. ஆனால் அதை மெய்ப்பிக்க அந்த மறுப்பு மரபு சென்ற வழி யாது? அவ்வழியில் பின்னர் எழுந்த நூல்கள் பலவும், "நாங்கள் ஆண்ட பரம்பரை, நாங்கள் சத்திரியர்" என்று நாட்ட முனைந்தன. ஏணியை உடைக்கவில்லை, ஏணியில் தமக்கு மேற்படி ஒன்றைக் கேட்டன. மேற்படி என்று ஒன்று இருக்கும்வரை கீழ்ப்படியில் எவனோ ஒருவன் நிற்கத்தானே வேண்டும்? "என்னை ஏன் தாழ்ந்தவன் என்றாய்?" என்பது சட்டாம்பிள்ளை கேட்ட கேள்வி. "எவனையும் தாழ்ந்தவன் என்று ஏன் சொல்ல வேண்டும்?" என்பது அவர் கேட்க மறந்த கேள்வி. முதற்கேள்வி மானமுள்ள எவனுக்கும் வரும். இரண்டாவது கேள்விதான் சமுதாயத்தை மாற்றும்.

இவ்வளவு சொன்னபின், அவரை எள்ளி நகைப்பது நம் நோக்கமன்று. வெள்ளையர் ஆட்சியின் உச்சத்தில், வேலை போனபின், பின்பலம் ஏதுமின்றி ஒரு பனங்காட்டு ஊரிலிருந்து பேராயர் மாளிகைவரை எட்டும்படி குரல் கொடுத்தவர் அவர். 1886-இல் சென்னையில் டாக்டர் பழனி ஆண்டி இந்தியத் தேசியத் திருச்சபை என்று தொடங்கியதற்கும் மூத்த முயற்சி அவருடையது. பாதி வழி நடந்தவரின் அடிச்சுவடும் நமக்குப் பாடமே.

கேளாச் செவிகள்

வெளியேறியவர் குரலைக் கேளாதிருந்தால் என்ன நேரும் என்பதை உலகம் ஒருமுறை மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது. அமெரிக்காவில் சிம் சோன்சு என்ற பாதிரி, நிறவேற்றுமையற்ற சபை என்று கூறி மக்கள் ஆலயம் என்பதை நடத்தினார். சமத்துவம் என்ற சொல்லை நம்பிக் கறுப்பின மக்கள் பெருந்திரளாய்ச் சேர்ந்தனர். விலகியவர்கள் 1977-இலேயே அடியையும் மிரட்டலையும் போலி நோய்தீர்ப்பையும் சொத்துப் பறிப்பையும் பத்திரிகையில் அம்பலப்படுத்தினர். கேட்டவர் சிலர், உதறியவர் பலர். 1978 நவம்பர் 18 அன்று கயானாக் காட்டிலே, நஞ்சாலும் குண்டாலும் மாண்டவர் 918 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிறுவர் சிறுமியர்! சோன்சின் நாவில் கடவுளும் இருந்தார், பொதுவுடைமையும் இருந்தது. ஆகவே சமத்துவம் பேசுவோரிடம் இத்தீமை வராது என்று நாம் மார்தட்டுவதற்கில்லை. நல்ல கொள்கையும், கேள்வி கேட்பாரில்லாத் தலைவன் கையில் சிக்கினால் நஞ்சுக் குவளையாகிவிடும்.

தொழிற்பேட்டைத் தோழர்களே! நாளை உங்கள் அறைத்தோழன் ஒருவன் சபையை விட்டோ, சங்கத்தை விட்டோ, நம் இயக்கத்தை விட்டோகூட வெளியேறி வந்து குறை சொல்லலாம். அவனை எள்ளாதீர்கள், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடவும் ஆடாதீர்கள். முதலில் கேளுங்கள்: கணக்கைக் காட்டச் சொன்னாயா, காட்டினார்களா? மறுத்துப் பேசினாயா, பேச விட்டார்களா? அவன் விடைகளைச் சான்றோடு வைத்து எடைபோடுங்கள். மெய்யென்று கண்டால் துணைநில்லுங்கள். பிறகு அவனிடமே இன்னொன்றும் கேளுங்கள்: நீ கட்டப்போகும் புதிய வீட்டில், உன் மனைவிக்கும் உன்னிலும் எளியவனுக்கும் எந்த இடம்?

கால்டுவெல்லின் இலக்கணத்தைப் போற்றுவோம், 1849-ஆம் ஆண்டு ஏட்டை மறைக்காமல் கண்டிப்போம். சட்டாம்பிள்ளையின் துணிவைப் பாராட்டுவோம், அவர் சுமத்திய தீட்டை ஏற்க மறுப்போம். ஒருவரை முழுதாய் வணங்குவதும் முழுதாய் வெறுப்பதும் எளிது. பிரித்தறிவது கடினம். அந்தக் கடினமான வேலைக்குத்தான் பகுத்தறிவு என்று பெயர்.