மேஜர் றோஜர்ஸ்: கல்லும் கதையும்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தினின்றும் பதுளைக்கு இறங்குவோர் நகரிற் காணும் பழைய கட்டடங்களுள் சென் மார்க் தேவாலயமும் ஒன்று. இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்த மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸின் நினைவாக எழுந்தது அது. உள்ளிருக்கும் நினைவுக்கல், அவர் பதுளையின் உதவி அரசாங்க ஏசண்டராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர் என்கிறது. 1845 ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் இடி வீழ்ந்து, தம் 41ஆம் வயதில் மாண்டதைக் குறிக்கிறது. எல்லா வகுப்பினரும் கூடி எழுப்பிய ஆலயம் இதுவென்றும் உரைக்கிறது. யானையைப் பற்றி அக்கல்லில் ஒரு சொல்லும் இல்லை.

மக்கள் வாயில் வழங்கும் கதையோ யானையன்றி வேறொன்றும் அறியாது. அவர் கொன்ற யானைகள் 1400க்கு மேற்பட்டன என்று 1859இல் வெளியான தம் நூலில் எமர்சன் டெனன்ட் எழுதினார். இத்தொகையை அப்படியே ஏற்பது அரிது. இருபது ஆண்டு வேட்டையாடினார் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 70. ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒன்று. வழக்கும் வரியும் பார்த்த அதிகாரிக்கு இஃது இயலுமோ? வேட்டைக்காரர் கணக்கை வேட்டைக்காரரே வைப்பது உலக வழக்கம்! ஆயினும் முற்றாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. 1844இல் பதுளைக்கு வந்த ஜேர்மானிய மருத்துவர் ஹோவ்மைஸ்டர், றோஜர்ஸின் வீடு தந்தங்களால் நிறைந்திருந்தமையைக் குறித்துள்ளார். இலங்கை யானைகளுள் தந்தமுடையன மிகச் சிலவே. அங்ஙனமாயின் தந்தமில்லாதன எத்துணை வீழ்ந்திருத்தல் வேண்டும்? எண் மிகையாகலாம், கொலையின் அளவு மிகையன்று.

இடியைத் தெய்வ தண்டனை என்பர். நுவரெலியாவிலுள்ள அவர் கல்லறையையும் இடி விடவில்லை என்றும் சேர்த்துச் சொல்வர். கேட்போர் நெஞ்சுக்கு இக்கதை நிறைவு தருகிறது. அதன் குறையும் அதுவே. யானைக் கொலைக்கு அக்காலத்தில் அரசாங்கமே வெகுமதி அளித்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் 3500 யானைகளுக்கு அது கோரப்பட்டதாக டெனன்டே கூறுகிறார். ஒருவரை வானம் தண்டித்ததாகச் சொல்லும் கதை, வெகுமதி கொடுத்த ஆட்சியைத் தப்பவிட்டுவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. 1817–18 ஊவாக் கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்ட நாடு இது. ஒரு தலைமுறை கழிந்தும், படை உத்தியோகத்தர் ஒருவரிடமே நிர்வாகமும் நீதியும் ஒருங்கிருந்தன. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுக் கூலிகள் கால்நடையாக ஏறிவந்த காலமும் அதுவே. அவர் முன் நின்ற வழக்காளிகளைக் கல்லும் காட்டாது, கதையும் காட்டாது. றோஜர்ஸின் வாழ்வை எழுதப் புகுவோர் தந்தங்களை ஒருபுறம் வைத்து, அவர் அளித்த தீர்ப்புகளிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.