துணையாக மட்டும் வரும் அம்மன்

அபுதாபியின் அபு முரைக்காவில் 2024 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்ட சுவாமிநாராயண் கோயிலில், ஏழு அமீரகங்களைக் குறிக்கும் ஏழு சிகரங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சந்நிதி. இந்தியாவின் எல்லாத் திசைத் தெய்வங்களும் இங்கே இருப்பதால் வளைகுடாவின் எல்லா இந்துக்களுக்கும் இது சொந்தக் கோயில் என்பது ஆதரவாளர்களின் வாதம்.

கோயிலின் சிறப்புகள் மறுக்கக் கூடியவை அல்ல. இரும்பு சேர்க்காமல் ராஜஸ்தானின் இளஞ்சிவப்பு மணற்கல்லில் எழுந்த சிற்பவேலை உயர்ந்தது. நிலம் தந்தது ஓர் இசுலாமிய அரசு என்பதும் பெரிய செய்தி. 1958 முதல் பர்துபாயில் கடைகளுக்கு மேலிருந்த மாடியறைகளில் நெருக்கியடித்துக் கும்பிட்டவர்களுக்கு, 2022 அக்டோபரில் ஜெபல் அலியில் திறந்த 16 தெய்வங்களின் கோயிலும் இதுவும் தாராளமாக நின்று வழிபட இடம் தந்திருக்கின்றன.

ஆனால் 'எல்லோருக்கும்' என்ற சொல் சந்நிதிகளை எண்ணும்போது பொய்த்துப்போகிறது. அபு முரைக்காவில் சீதை ராமரோடும், ராதை கிருஷ்ணரோடும், பார்வதி சிவனோடும், பத்மாவதி வேங்கடேசரோடும் இருக்கிறார்கள். சுபத்திரை அண்ணன்மார் ஜகந்நாதர், பலபத்திரரோடு நிற்கிறாள். மற்ற இரண்டில் சுவாமிநாராயணும் ஐயப்பனும். பெண் தெய்வம் தனித்து அமர்ந்த சந்நிதி ஒன்றுகூட இல்லை. மனைவியாகவோ தங்கையாகவோ வந்தால்தான் அவளுக்கு இடம்.

தமிழர் கும்பிடும் அம்மன் யாருக்கும் துணையாக வந்தவள் அல்லள். மாரியம்மன் தனியே அமர்ந்தவள். மழைக்கும் அம்மைநோய்க்கும் ஊருக்கும் பொறுப்பேற்றவள். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி 28 நாள், பக்தர்களின் நலனுக்காக அவளே பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். அந்நாட்களில் தளிகை கிடையாது. துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் நைவேத்தியம். தன் மக்களுக்காகத் தெய்வமே பட்டினி கிடக்கும் இந்த உறவுதான் அம்மன் வழிபாட்டின் உயிர். இது இல்லாத கோயில் எவ்வளவு பெரிதானாலும் உழைக்கும் தமிழருக்கு அரைக்கோயிலே.

இந்தக் குறையின் கனம் துபாயின் தேராப் பகுதியில் தெரியும். நாயிப், அல் ராஸ் தெருக்களின் கட்டிலை மட்டும் வாடகைக்குத் தரும் பெட்ஸ்பேஸ் அறைகளில் அடுக்குக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் சமயபுரத்தாள் படம் கட்டியிருக்கும். அதன் பின்னால் ஊரிலிருந்து வந்த குங்குமம் காகித மடிப்பில் செருகியிருக்கும். எண்ணெய் விளக்கு ஏற்ற வழியில்லாததால் பேட்டரி விளக்கு. முன்பு ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா படகில் கடல்கழியைத் தாண்டினால் பர்துபாய்க் கோயில் சந்தும் மல்லிகைச் சரமும் எட்டிவிடும். அங்கிருந்த சிவன் கோயிலும் 2024 ஜனவரியில் ஜெபல் அலிக்குப் போய்விட்டது. தேராவிலிருந்து அது 30 கிலோமீட்டருக்கு மேல்; அபு முரைக்கா அதையும் தாண்டி. வாரத்தில் ஒருநாள் விடுமுறை பெறுபவருக்கு அந்த நாள் துணி துவைக்கவும் வீட்டுக்குப் பேசவுமே சரியாகிவிடும்.

கடல் கடந்த மண்ணில் அம்மனுக்கு இடமிராது என்றும் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய மாரியம்மன் கோயில், புதிதாக வந்திறங்கியவர்களுக்கு வேலையும் வீடும் கிடைக்கும்வரை தங்குமிடம் தந்தது. அம்மன் போன இடத்தில் அடைக்கலமும் கூடவே போயிருக்கிறது. ஆனால் வளைகுடாவில் தொழிலாளி குடியேறியவராக அல்லாமல் ஒப்பந்தக்காரராகவே வாழ்கிறார். கோயில் எழுப்பும் பொருளும் அனுமதியும் வணிகர், மடத்தார் ஆகியோர் கையில். எந்தத் தெய்வம் வரவேண்டும் என்பதை அவர்களே முடிவுசெய்கிறார்கள்.

வைணவ மரபு சார்ந்த ஓர் அமைப்பு தன் மரபுப்படிதான் கோயில் கட்டும் என்பது நியாயமான பதில். ஆனால் அந்தப் பதிலைச் சொல்பவர்கள், அபு முரைக்கா எல்லா இந்துக்களின் கோயில் என்ற உரிமையை விட்டுவிட வேண்டும். அந்த உரிமை வேண்டுமென்றால் அம்மனைத் தனியாக அமர்த்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கோர முடியாது.