கோட்டின் மேல் எழுதும் சொல்

கெடிலம் திருப்பாதிரிப்புலியூரை எட்டுவதற்கு முன் திருவதிகையைத் தொட்டு வருகிறது. அந்தத் திருவதிகையைச் சேர்ந்த மனவாசகங்கடந்தார் மெய்கண்டாரின் மாணவர். 13ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய உண்மை விளக்கம் மாணவன் கேட்க ஆசான் விடை சொல்வதாக நடக்கிறது. ஐம்பூதங்களைச் சொல்ல வரும்போது அந்நூல் முதலில் வடிவத்தைத் தருகிறது: மண் நாற்கோணம், நீர் பிறை, தீ முக்கோணம், காற்று அறுகோணம், வான் வட்டம். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஓர் எழுத்து, ஓர் அதிதெய்வம். ஏட்டில் படம் இல்லை. ஆனால் படிக்கிறவன் தன் மனத்தில் படம் வரைந்துகொள்ளாமல் அடுத்த பாடலுக்குப் போக முடியாது. இன்று கணினிவழிப் பாடத்தை வடிவமைப்பவர்கள் அறிவை வரைபடமாக்குதல் என்று தனித் துறையாக வளர்த்துவரும் கலையின் அடிப்படைக் கேள்வி இங்கேயே எழுந்துவிட்டது. ஒரு நூலில் வரிசையாகக் கிடக்கும் அறிவை, அதன் உறுப்புகளும் உறவுகளும் ஒரே பார்வையில் தெரியும்படி மாணவன் முன் வைப்பது எப்படி என்பதே அந்தக் கேள்வி.

அதே நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தில்லைக் கூத்தனின் திருமேனியை எடுத்துக்கொண்டு அதில் ஐந்தொழிலைக் காட்டுகிறது: துடியில் படைத்தல், அமைத்த கையில் காத்தல், தீயில் அழித்தல், ஊன்றிய திருவடியில் மறைத்தல், எடுத்த திருவடியில் அருளல். அத்தோடு நிற்கவில்லை. அதே திருமேனியில் திருவைந்தெழுத்தையும் காட்டுகிறது: துடி ஏந்திய கை சி, வீசிய கை வா, அமைத்த கை ய, தீ ஏந்திய கை ந, முயலகன் மேல் ஊன்றிய அடி ம. உருவம் ஒன்று, பொருத்தம் இரண்டு. துடியைப் பார்ப்பவன் படைத்தலை நினைக்க வேண்டுமா, சி என்ற எழுத்தை நினைக்க வேண்டுமா என்பதைத் துடி சொல்லாது. எந்தப் பொருத்தத்தில் நிற்கிறோம் என்று ஆசான் சொல்ல வேண்டும். சிதம்பரத்துக் கோபுரங்களில் 108 கரணங்களைச் செதுக்கியவர்கள் கிழக்கிலும் மேற்கிலும் நாட்டிய சாத்திரச் செய்யுளையும் உடன் பொறித்ததற்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். அறிவுப் படத்தில் பொருளைக் குறிக்கும் கட்டம் எளிது. கற்பிப்பது இரண்டு பொருள்களை இணைக்கும் கோடு, அதிலும் அந்தக் கோட்டின் மேல் எழுதிய சொல். இந்தத் துறையின் எந்த மரபையும் தரத்தையும் இந்த ஒரு கல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

உரைத்துப் பார்க்க உமாபதி சிவத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. சிதம்பரத்துக்கு அருகே கொற்றவன்குடியில் வாழ்ந்த அவர் சிவப்பிரகாசத்தின் தொடக்கத்திலேயே இறைக்கும் உயிருக்கும் நடுவிலுள்ள கோட்டுக்குப் பெயர் வைக்க முயல்கிறார். மூன்று உவமைகளை எடுத்து மூன்றையும் தள்ளுகிறார். பொன்னும் அணியும் போல் என்றால் இரண்டும் ஒரே பொருளாகிவிடும். இருளும் ஒளியும் போல் என்றால் ஒட்டே இல்லாமல் போகும். சொல்லும் பொருளும் போல் என்றால் ஒன்றென்றும் வேறென்றும் ஊசலாடும். பிறகு வேறு மூன்றை ஏற்கிறார்: உடலும் உயிரும் போல் கலந்து ஒன்றாய் நிற்பது, கண்ணும் கதிரவனும் போல் வேறாய் நிற்பது, உயிரின் அறிவும் கண்ணின் ஒளியும் போல் உடனாய்ச் செயல்படுவது. அத்துவிதம் என்ற ஒற்றைச் சொல்லை எல்லோரும் ஏற்றுக்கொண்டு ஆளுக்கொரு பொருளில் வழங்கிய காலம் அது. அந்தச் சொல்லை மாற்றாமல், அது எந்த வகை உறவு, எந்த வகை அன்று என்று இரண்டு பக்கமும் வரம்பு கட்டினார். கோட்டுக்குப் பெயரிடுவதில் தள்ளுவதும் பாதி வேலை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

கடலூர் வட்டாரத்துச் சைவ மரபில் வரைபடங்களும் ஒரே வகையல்ல. சைவ சித்தாந்த மடங்களில் கட்டளை என்ற பெயரில் ஒரு நூல்வகை உண்டு. தத்துவக் கட்டளை, சிவப்பிரகாசக் கட்டளை, திருவாலவாய்க் கட்டளை என்பன. செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்றுதான் பெயர், பொன்னை உரைக்கும் கல்லுக்கும் கட்டளைக்கல் என்றுதான் பெயர். அச்சும் அளவும் சேர்ந்த சொல். ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5, ஆக 36. தாத்துவிகம் 60 சேர்த்தால் 96. இது எதில் எது அடக்கம் என்று காட்டும் படம். திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் மடம் சார்ந்த வீரசைவத்தின் ஆறு தலமோ வேறு மாதிரி: பத்தன், மகேசன், பிரசாதி, பிராணலிங்கி, சரணன், ஐக்கியன் என்று எதற்குப் பின் எது என்று காட்டும் படிக்கட்டு. அந்த மடத்தின் ஐந்தாம் பட்டத்து ஞானியாரடிகள் (1873–1942) வீரசைவ மடத்துத் தலைவராக இருந்தும் சித்தாந்தத்தை விரித்துப் பேசுவதில் ஒப்பற்றவர் என்று பெயர் பெற்றவர். இரண்டு படங்களும் ஒரே மேடையில் புழங்கிய ஊர் இது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. உமாபதி சிவம் பெயரில் வழங்கும் உண்மைநெறி விளக்கம் ஆறே பாடல்களில் தசகாரியத்தைச் சொல்கிறது: தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி என்று தொடங்கிச் சிவபோகம் வரை பத்து. ஒரு பொருளின் இயல்பை அறிவது வேறு, அதைத் தன்னிலிருந்து பிரித்துக் காண்பது வேறு, அதிலிருந்து நீங்குவது வேறு என்பதால் இது பொருளின் படம் அன்று, கற்பவன் செய்ய வேண்டியதன் படம்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் காலத்து வரைபட முறைகளைப் பார்க்கலாம். 1972 முதல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவக், பிள்ளைகளின் அறிவியல் புரிதல் ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்று பார்த்து வந்தார். நேர்காணல் தாள்கள் குவிந்தன. அவற்றைச் சுருக்கிக் காட்டத்தான் கருத்து வரைபடம் பிறந்தது. அதில் கோட்டின் மேல் இணைப்புச்சொல் எழுதுவது கட்டாயம். டோனி பூசான் பரப்பிய மன வரைபடத்தில் அந்தக் கட்டாயம் இல்லை; நினைவைக் கிளறுவதற்கு நல்லது, அறிவைச் சோதிக்க உதவாது. கனடாவின் கியூபெக்கில் தொலைநிலைப் பல்கலைக்கழகமான டெலுக்கில் ஜில்பெர் பாக்கெத் 1990களில் வளர்த்த முறை இன்னும் கறாரானது. கருத்துக்குச் செவ்வகம், செய்முறைக்கு நீள்வட்டம், நெறிக்கு அறுகோணம். கோடுகளும் வகைப்பட்டவை: உறுப்பாதல், வகையாதல், முந்துதல், உள்ளீடும் விளைவும், நெறிப்படுத்துதல், எடுத்துக்காட்டாதல். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு எந்தக் கோடு போகலாம் என்பதற்கும் விதி உண்டு. கட்டளை, படிக்கட்டு, தசகாரியம் மூன்றும் செய்த வேலையை ஒரே தாளில் வேறு வேறு கோடுகளாகப் பிரித்து வைக்கும் முறை இது. உண்மை விளக்கத்திலும் அறுகோணம் வருகிறதே என்று உறவு கற்பிக்க வேண்டாம், அது தற்செயல். ஒரே சிக்கலை இரண்டு ஊர்கள் தனித்தனியே சந்தித்தன என்பதே செய்தி.

தரங்களின் கதை இவ்வளவு நிறைவு தருவதாக இல்லை. 2002இல் ஐஇஇஇ வகுத்த கற்றற்பொருள் விவரத் தரம் தலைப்பு, மொழி, ஆசிரியர், கடின அளவு போன்றவற்றைப் பதியச் சொல்கிறது. ஸ்கார்ம் என்ற தரம் ஒரு பாடப்பொதியை எந்தக் கற்றல் தளத்திலும் ஓடவைக்கிறது. 2003இல் வந்த ஐஎம்எஸ் கற்றல் வடிவமைப்புத் தரம், நெதர்லாந்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ராப் கோப்பர் குழு செய்த பணியிலிருந்து வந்தது. அது பாடத்தை நாடகமாகப் பார்த்து, அங்கம், பாத்திரம் என்று யார் எப்போது என்ன செய்வது என்பதை எழுதியது. மூன்றும் பயனுள்ளவை. ஆனால் மூன்றும் பொதியைப் பற்றியோ பங்கேற்பவரைப் பற்றியோ பேசுகின்றன. பாடத்துக்குள் இருக்கும் கோடுகளைப் பற்றிப் பேசவில்லை. அதற்கான இடத்தை 2004இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்ற ஓடபிள்யூஎல் என்ற அறிவுக் குறிப்பு மொழி தந்தது, அங்கே உறவுக்குப் பெயரிடாமல் ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது. தமிழகப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடுகள் வந்தன. அவை பக்கத்தைக் காணொளியோடு இணைக்கின்றன. ஏழாம் வகுப்புக் கருத்து ஒன்பதாம் வகுப்புக் கருத்துக்கு என்ன உறவு என்று அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம் சொல்வதில்லை.

அறிவை வரைபடமாக்குவதற்கு எதிராகச் சொல்லப்படுபவை கனமானவை. முதலாவது, சோதனைச் சாலையிலிருந்து வருவது. 2011இல் சயன்ஸ் இதழில் கார்ப்பிக், பிளண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தவர்களைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் மிகுதியாகக் கற்றிருந்தார்கள். அதற்கு முன், 2006இல் நெஸ்பிட், அடசோப்பே இருவரும் 55 ஆய்வுகளை, 5,818 பேரைத் தொகுத்து, வரைபடம் கற்றலுக்கு உதவுகிறது என்று கண்டிருந்தனர். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. படத்தைப் பார்த்து எழுதுவது ஒரு வேலை, மனத்திலிருந்து மீட்பது வேறு வேலை. சித்தாந்த மடங்களில் கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு வெண்பாவை மனனம் செய்வதை விட்டுவிடவில்லை. சட்டகமும் மனப்பாடமும் ஒன்றாகவே ஓடின. நம் கணினித் தளங்கள் படத்தைத் திரையில் தொங்கவிட்டு மீட்கும் வேலையை மாணவனிடமிருந்து பறிக்குமானால் குறை படத்தினுடையது அன்று. இரண்டாவது மறுப்பு: வல்லுநர் வரைந்த படம் மாணவன் மேல் சுமத்தப்படுகிறது என்பது. படத்தின் வரிசையையே பாடத்தின் வரிசையாக்கினால் அது உண்மைதான். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் பிரமாணம், இலக்கணம், சாதனம், பயன் என்று இயலுக்கு மூன்றாகப் 12 நூற்பா. அது பொருளின் வரிசை. உண்மை விளக்கத்தில் மாணவனின் கேள்வி வரிசை. ஒரே பரம்பரை இரண்டையும் தனித்தனி நூலாக வைத்திருந்தது.

மூன்றாவது மறுப்பு, இது தத்துவத்துக்குப் பொருந்தும், அறிவியலுக்கும் அன்றாடப் பாடத்துக்கும் இவ்வளவு கோட்டு ஆராய்ச்சி தேவையா என்பது. விடையைக் கடலூர்க் கடற்கரையே வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தார் 18 கடலோரச் சிற்றூர்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடுகள் பாதிப்பைத் தணித்தன என்று 2005இல் எழுதினர். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடி கணக்கிட்டு, நிலத்தின் உயரமும் கடலிலிருந்து தொலைவுமே பெரும்பகுதி வேறுபாட்டை விளக்கிவிடுகின்றன, காடு உயரமும் தொலைவும் மிக்க இடத்தில் இருந்தது என்று எழுதினர். காடு, உயரம், தொலைவு, இழப்பு: கட்டங்கள் நான்கிலும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காட்டிலிருந்து இழப்புக்குப் போகும் ஒரே ஒரு கோட்டின் மேல் தணித்தது என்று எழுதுவதா, தணித்திருக்கலாம் என்று எழுதுவதா, உடன் இருந்தது என்று மட்டும் எழுதுவதா என்பதே முழு விவாதமும். இந்தக் கரையிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு பற்றி ஒரு கணினிப் பாடம் செய்பவர் அந்தக் கோட்டை வெறுமனே விட்டுவிட்டால், அருகிலுள்ள கிள்ளைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளை காடு நட்டால் போதும் என்று படித்துவிட்டு மேட்டு நிலத்தைப் பற்றி யோசிக்காமல் இருந்துவிடக்கூடும்.