கூத்தின் திரை

நண்பனும் நானும் பேச உட்கார்ந்தால் இளையராஜாவில் தொடங்கி, நாடகம் வழியாகக் கூத்தில்தான் வந்து நிற்போம். "சினிமாவில் ஹீரோவுக்கு முதலில் காலைக் காட்டுவான், அப்புறம் கையை, கடைசியில்தான் முகம். இப்படி ஆவலை மூட்டுகிற வித்தை வேறெங்கேடா இருக்கு?" என்றான். "கூத்தில் துரியோதனன் வருவதைப் பார்த்திருக்கியா?" என்று கேட்டேன்.

தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். அவ்வளவுதான் திரை. அதற்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும். கீழே சலங்கை கட்டிய கால். வேடக்காரர் உள்ளிருந்தே தன் பெருமையைப் பாடுவார். முகவீணை இழையும், மத்தளம் முடுக்கும், பின்பாட்டு ஏறும். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் யாரென்று கேட்பான். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே துணி விலகும். புஜக்கட்டை, மார்புக்கட்டைகளின் கண்ணாடிச் சில்லுகளில் வெளிச்சம் தெறிக்கும்.

இந்தக் கூத்து நவீன நாடகத்துக்கும் போனது. 1977இல் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவுக்கு உரமாக இருந்தது கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்து. அந்தப் பட்டறையில் உருவான பசுபதியும் கலைராணியும் பிறகு சினிமாவுக்கு வந்தார்கள். கூத்து, நாடகம், சினிமா மூன்றும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தவை.

கோடையில் வடதமிழக ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். ஓரிரவு விழித்திருந்து, அந்தத் துணி விலகுவதைப் பாருங்கள்.