கரிக்கு இட்ட வரியும் கழிமுகத்துச் சாம்பலும்

ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்பட்டு, ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து கப்பலில் தெற்கே வந்து, கரி இறக்குவதையே முதற் பணியாகக் கொண்டு 2001-இல் திறக்கப்பட்டு இன்று காமராஜர் பெயரால் வழங்கும் எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கி, நீண்ட கன்வேயர் பட்டையில் ஊர்ந்து, அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்துக் கொதிகலன்களுக்குள் விழுகிற நிலக்கரியின் யாத்திரையை முழுவதும் பின்தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு, எரிபொருள் மானியம் என்னும் விஷயத்தில் பொருளாதார நூல்கள் சொல்லாமல் விடுகிற பல சங்கதிகள் பிரத்தியட்சமாக விளங்கும். கொதிகலனோடு அந்த யாத்திரை முடிந்துவிடுவதில்லை. நம் நாட்டுக் கரியில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் சாம்பலாகவே மிஞ்சுகிறது; அதை நீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய்கள் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் இற்றுப்போன இடங்களிலெல்லாம் அந்தக் குழம்பு பீறிட்டுக் கொசஸ்தலை ஆற்றிலும் அதன் கால்களிலும் வருஷக்கணக்காகப் படிந்து வந்திருக்கிறது. முன்பு படகு மிதந்த சில இடங்களை இன்று நடந்தே கடந்துவிடலாம். இறால் தடவ ஆற்றில் இறங்குகிறவரின் காலில், மெத்தென்ற சேறு படவேண்டிய இடத்தில், இறுகிக் கெட்டித்த சாம்பல் தட்டுகிறது.

நிலக்கரி, டீசல், பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றுக்கு அரசாங்கங்கள் அளிக்கும் சலுகைகளை நிறுத்தி, அதனால் மிஞ்சும் பணத்தைக் காற்றாலை, சூரிய மின்சாரம், வெள்ளத் தடுப்பு, கடற்கரைப் பாதுகாப்பு முதலிய பொதுக் காரியங்களுக்குத் திருப்பவேண்டும் என்ற கொள்கை, 2009-இல் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய ஜி-20 நாடுகள் திறனற்ற எரிபொருள் மானியங்களைப் படிப்படியாக நீக்குவதாக வாக்களித்த நாள் முதல், சர்வதேச சபைகளில் ஓயாமல் ஓதப்பட்டு வருகிறது. கொள்கை என்ற அளவில் அதற்கு ஆட்சேபம் சொல்வது கடினம். லிட்டர் கணக்கில் கொடுக்கப்படும் சலுகை, அதிகம் எரிப்பவனுக்கு அதிகமாகவும் கொஞ்சம் எரிப்பவனுக்குக் கொஞ்சமாகவும் போய்ச் சேருவது அதன் சுபாவம். விவசாயியின் பம்புசெட்டையும் சரக்கு லாரியையும் காட்டித்தான் டீசலுக்கு மலிவு விலை வைத்தார்கள். ஆனால் அதே விலையில் சொகுசுக் கார்களும், வியாபார மாளிகைகளின் ஜெனரேட்டர்களும் கூச்சமின்றிப் பந்தியில் உட்கார்ந்துகொண்டன.

இந்த அநீதியை நீக்கிய முறையில் நம் நாட்டு அரசாங்கம் காட்டிய நிதானத்தை மெச்சத்தான் வேண்டும். 2012 ஜனவரி முதல் நாளில் நைஜீரிய அரசு ஒரே இரவில் பெட்ரோல் மானியத்தை நீக்கி, விலை இரட்டிப்புக்கும் மேலாக ஏற, நாடே வேலைநிறுத்தத்தில் ஸ்தம்பித்துப்போக, பாதி வழியில் பின்வாங்க நேர்ந்தது. இங்கேயோ 2013 ஜனவரியில் தொடங்கி மாதத்துக்குச் சுமார் 50 பைசா வீதம் டீசல் விலை ஏறிக்கொண்டே வந்து, உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்த சமயம் பார்த்து, 2014 அக்டோபரில் கட்டுப்பாடே நீங்கியது. பெரிய கலகம் எதுவும் மூளவில்லை. 2013-க்கும் 2023-க்கும் இடையில் இந்தியாவின் எரிபொருள் மானியம் ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்ததாக ஆசிய வளர்ச்சி வங்கி கணித்திருக்கிறது. வெட்டும் கலையில் நாம் தேர்ந்தவர்களே. வெட்டியதை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம் என்பதில்தான் என் விசாரணை எல்லாம்.

அதற்கு நல்ல சாட்சி, 2010-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் பிறந்த நிலக்கரி மேல்வரி. ஒரு டன் கரிக்கு 50 ரூபாய் வசூலித்து, அதைத் தேசியத் தூய எரிசக்தி நிதியம் என்ற தனிக் கணக்கில் சேர்த்து, புகையில்லாத எரிசக்தியின் ஆராய்ச்சிக்கும் திட்டங்களுக்கும் வழங்குவது அதன் சங்கல்பம். கரிக்குச் சலுகை தந்துகொண்டிருந்த உலகத்தில் கரிக்கே வரி போட்ட துணிச்சலுக்காக அன்று பலர் இந்தியாவைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியில் நியாயமும் இருந்தது. வரி 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400 என்று ஏறியது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் கரி தேவை என்று வைத்துக்கொண்டால், 400 ரூபாய் வரி யூனிட்டுக்கு 28 பைசாவாக வந்து விழும். ஆக, இதைச் செலுத்தியவர்கள் மின்கட்டணம் கட்டுகிற ஜனங்களும், அவர்களுக்காக மானியம் தருகிற மாநிலப் பொக்கிஷமுமே தவிர வேறு யாருமல்ல.

2010-11 முதல் 2017-18 வரை இந்த வகையில் வசூலான தொகை சுமார் 86,440 கோடி ரூபாய். அதில் நிதியத்துக்கு மாற்றப்பட்டது 29,645 கோடி. திட்டங்களுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தது 15,911 கோடி. பத்து ரூபாயில் இரண்டு ரூபாய்கூடத் தேறவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நிதியத்துக்கு ஊற்றாயிருந்த அந்த மேல்வரி மறைந்து, அதே 400 ரூபாய் மாநிலங்களுக்கு நஷ்டஈடு தரும் மேல்வரியாக வேஷம் மாறிற்று; கொரோனாக் காலத்தில் மாநிலங்களுக்காக வாங்கிய கடனை அடைக்கவும் அது நீட்டிக்கப்பட்டது. நஷ்டஈட்டில் தமிழ்நாட்டுக்கும் பங்கு வந்தது என்பதையும், அதனால் ஆஸ்பத்திரிகளும் பள்ளிக்கூடங்களும் நடந்திருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பூமியின் வெப்பத்தைச் சொல்லிப் போட்ட வரியை வருவாய்ப் பற்றாக்குறைக்கு எடுத்துக்கொண்ட அரசாங்கம், நாளை மறுபடியும் பூமியின் வெப்பத்தைச் சொல்லி இன்னொரு சலுகையை நீக்க வரும்போது, ஜனங்கள் எந்த விசுவாசத்தில் தலையாட்டுவார்கள்?

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. அத்திப்பட்டிலிருந்து சென்னைக்குச் சில்லறைக் காசில் மின்சார ரயிலில் போய்வருகிற தொழிலாளிக்கு அந்த மலிவுக் கட்டணம் எப்படிக் கிடைக்கிறதென்று துருவிப் பார்த்தால், ரயில்வே தன் பயணிகள் நஷ்டத்தைச் சரக்குக் கட்டணத்தின் லாபத்தால் ஈடுகட்டுகிறது என்பதும், அந்தச் சரக்கில் முதலிடம் நிலக்கரிக்கே என்பதும் தெரியவரும். கரி மானியம் வாங்குகிறது என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. பல இடங்களில் கரியே மானியம் கொடுத்துக்கொண்டும் இருக்கிறது. கரி குறையக் குறைய இந்த உபகாரங்களுக்கெல்லாம் வேறு பணம் தேடவேண்டும் என்பதை, மானியத்தை வெட்டினால் பொக்கிஷம் நிரம்பிவிடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் யோசிப்பதில்லை.

கொள்கையின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. மானியம் என்றால் பட்ஜெட் புத்தகத்தில் ஓர் இனமாக அச்சாகியிருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் அதிகாரிகளுக்கும் நிபுணர்களுக்கும் ஊறிப்போயிருக்கிறது. ஆகவே அவர்கள் கத்தி முதலில் விழுவது கண்ணுக்குத் தெரிகிற சின்னச் சலுகைகளின் மேல். இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாயாக உயர்ந்தபோது, அதில் ஓடும் சிறு படகுகளை நம்பியிருந்த வடக்கு, கிழக்கு மீனவர்களும் மலையகத் தோட்டக் குடும்பங்களும் பட்ட பாட்டை நாம் அறிவோம். கணக்குப்படி அது ஒழுங்கான சீர்திருத்தம். முன்கூட்டியே மாற்று ஏற்பாடு செய்யாத சீர்திருத்தம்.

தமிழ்நாட்டில் மீனவருக்கு வரி நீக்கிய டீசல் உண்டு. விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த அளவு 2023-இல் 19,000 ஆகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 என்பது 4,400 ஆகவும் உயர்த்தப்பட்டது. காசிமேட்டு விசைப்படகுக்காரருக்கு நாட்டுப்படகுக்காரரைப்போல நான்கு மடங்குக்கு மேல். கழிமுகத்தில் துடுப்புப் போடுகிறவருக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கும் ஒரு சொட்டும் இல்லை. ஆகவே அதையும் திருத்தவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் எண்ணூரில் முதலில் திருத்தவேண்டிய மானியம் அது என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த ஆற்றங்கரையில் நின்று பார்த்தவரல்லர் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஏனென்றால் அங்கே மிகப் பெரிய மானியத்தை அளிப்பது ஆறு. இற்றுப்போன குழாயை மாற்றாமல் ஒத்திப்போடும்போது மிஞ்சுகிற பணம், காட்டுக்குப்பத்தாரும் முகத்துவாரக்குப்பத்தாரும் இழந்த மீனிலிருந்து எடுத்த பணம். கந்தகப் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகளை 2015 டிசம்பரில் பிறப்பித்து, இரண்டு வருஷத் தவணை கொடுத்து, தவணையை நீட்டி நீட்டி, கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அந்தச் சாதனமே வேண்டாம் என்று விலக்களித்தார்களே, அந்த விலக்கும் மானியந்தான்; வாங்கியவர் மின் உற்பத்தியாளர், கொடுத்தவை அக்கம்பக்கத்தாரின் நுரையீரல்கள். இவை எந்த பட்ஜெட்டிலும் அச்சாவதில்லை. 2016 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். குடிசைக்குத் தருவதைப் போலவே நான்கு குளிர்சாதனப் பெட்டி வைத்த மாளிகைக்கும் தருகிற இந்தத் தாராளத்தின் செலவில் ஒரு பங்கைச் செப்பாக்கம் சாம்பலாகச் செலுத்துகிறது என்றால், அது வெறும் அலங்கார வார்த்தையன்று. கடனில் மூழ்கிய மின்வாரியம் எதைச் செலவழிக்காமல் தள்ளிப்போடும் என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும். 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு எண்ணூர்ச் சாம்பல் மாசைச் சீர்செய்யும்படி தீர்ப்பளித்தது. மறுவருஷமே மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து கழிமுகத்தை மூடிற்று.

இப்போது கதை இன்னொரு திருப்பம் கண்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கரிமீதான 400 ரூபாய் மேல்வரி நீக்கப்பட்டு, 5 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக்கப்பட்டது. டன் 2,000 ரூபாய் விலையுள்ள கரி முன்பு 500 ரூபாய் வரி செலுத்திற்று. இப்போது 360 செலுத்தும். சுமார் 3,077 ரூபாய்க்கு மேல் விலை போகும் கரிக்கு மட்டுமே வரி கூடுகிறது. விலை குறைந்த கரி எதுவென்றால், சாம்பல் மிகுந்த கரி. எடையின்மேல் இருந்த வரியை விலையின்மேல் மாற்றியதால், அதிகச் சாம்பல் தருகிற சரக்குக்கு, யாரும் உத்தேசித்திராவிட்டாலும், ஒரு புதுச் சலுகை கிடைத்திருக்கிறது. விலைவாசி சற்றுக் குறையும் என்று இதை வரவேற்றவர்கள் உண்டு. மின்செலவு குறைவதில் எனக்கும் விரோதமில்லை.

ஆயினும் இந்த மாற்றத்தில் ஒரு வாய்ப்பும் ஒளிந்திருக்கிறது. மேல்வரி முழுவதும் டில்லியின் கைக்குப் போனது; ஜி.எஸ்.டி.யோ சரக்கு செலவாகும் மாநிலத்தோடு பங்கிடப்படுவது. மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி.யிலிருந்து விலக்கு இருப்பதால், கரிக்குக் கட்டிய வரியை மின்நிலையம் கழித்துக்கொள்ளவும் முடியாது; அத்திப்பட்டில் எரியும் கரியின் வரியில் பாதி சென்னைக் கோட்டைக்கே வந்துசேர வேண்டும். அனல்மின் நிலையத்தின் சொந்தக்காரரும் மாநிலமே, வரியின் பங்குதாரரும் மாநிலமே, 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியதும் மாநிலமே. பணம் டில்லியில் தங்கிவிட்டது என்ற பழைய சமாதானம் இனி எடுபடாது. அடுத்த பட்ஜெட்டில் மின்சார மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும்போது, கரி வரியில் அரசுக்கு வந்த பங்கு எவ்வளவு, செப்பாக்கத்துக் குழாய்களை மாற்றிக் கொசஸ்தலையில் படிந்த சாம்பலை அள்ள ஒதுக்கிய தொகை எவ்வளவு என்ற இரண்டு எண்களை ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தரும்படி பொன்னேரி, திருவொற்றியூர்த் தொகுதிகளின் உறுப்பினர்கள் கேட்கலாம்.